துருப்பிடிக்காத ஆணி

அல் ஐன்
12 ஜனவரி 2025

பத்மநாபன் சார்,

உங்களுக்கு இனி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று சோஹாரை விட்டுக் கிளம்பிய அன்றே முடிவு செய்திருந்தேன். இரண்டு வருடம் அதைக் காப்பாற்றினேன். இப்போது எனக்குத் தெரிந்த ஒரே உலோகப் பொறியாளர் நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

போனில் அனுப்பாததற்குக் காரணம் உண்டு. விஷயம் துப்பாக்கி. மேனேஜர் எங்கள் போன்களை வாங்கிப் பார்க்கிறார். தாள் என்றால் ஃபவாஸ் கொண்டுவந்து தருவான். சோஹார் போர்ட்டிலிருந்து எல்லை தாண்டி இங்கே வாரம் ஒரு முறை ட்ரெய்லர் ஓட்டுகிறவன். காயல்பட்டினத்துக்காரன். நம்பலாம்.

நான் இங்கே ஓர் அரபு முதலாளியின், எங்கள் அர்பாபின், தனியார் காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். லைசென்ஸ் உள்ள இடம்தான். வாள், வளைந்த கஞ்சர் கத்தி, பழைய காப்பிக் கூஜாக்கள், அவற்றோடு நாற்பத்தொரு துப்பாக்கிகள். அதில் பதினேழு மார்டினி-ஹென்றி. நூற்றைம்பது வருடத்துக்கு முன் பிரிட்டிஷ் பட்டாளத்துக்காகச் செய்தவை. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். இங்குள்ளவர்களுக்கு அது வீட்டுக் கௌரவம். கல்யாணங்களில் வரிசையாக நின்று பாடி ஆடும்போது தூக்கிச் சுழற்றுவார்கள். குண்டில்லாமல் கரிமருந்து மட்டும் போட்டு வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். இந்தத் துப்பாக்கிகளைத் துடைத்து ஓடவைப்பதும், கண்ணாடிப் பெட்டிக்கு இங்கிலீஷில் குறிப்பு எழுதுவதும் என் வேலை. விசாவில் ‘கிளீனர்’ என்று இருக்கிறது.

டிசம்பர் 27 அர்பாப் வீட்டுக் கல்யாணம். எட்டு மார்டினிகளை வேனில் ஏற்றிப் போனோம். மருந்து அடைத்துக் கொடுக்கிறவர் வீரபாண்டி அண்ணன். முதுகுளத்தூர் பக்கத்துக்காரர், இங்கே பதினோரு வருடமாக இருக்கிறார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு வேட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னார் மேனேஜர். ஐந்தாவது துப்பாக்கி பின்பக்கமாக வெடித்தது. வீரபாண்டி அண்ணனின் வலது கட்டைவிரல் போய்விட்டது. ஆட்காட்டி விரலில் பாதி இல்லை. பக்கத்தில் நின்ற அர்பாபின் மைத்துனருக்குக் கன்னத்தில் இரும்புத் துண்டு பாய்ந்தது.

மேனேஜர் கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர். அண்ணன் முறையில் கலீல் காக்கா என்போம். போலீஸில் அவர் கொடுத்த வாக்குமூலம் இது: வீரபாண்டி அளவுக்கு மேல் மருந்து போட்டான், குழாயைத் துடைக்கவில்லை. இப்போது வழக்கு வீரபாண்டி அண்ணன் பேரில். அது முடியும்வரை அவர் நாட்டை விட்டுப் போக முடியாது. கைக்கட்டோடு லேபர் கேம்பில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தத் துப்பாக்கி அசல் இல்லை சார். கைபர் மலைப்பக்கம் பட்டறையில் கையால் செய்த போலி. அதை அசல் என்று அர்பாபை வாங்கவைத்தவர் கலீல் காக்கா. அதனால்தான் பழியை விரல் போனவன் தலையில் கட்டுகிறார். வெடித்த இடத்து மணலில் இரண்டு துண்டுகளைப் பொறுக்கிவைத்தேன். ஃபவாஸ் தருவான். பாருங்கள். ‘இது மட்டமான இரும்பு, யார் சுட்டாலும் வெடித்திருக்கும்’ என்று உங்கள் பட்டத்தோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அன்றைக்கும் உங்களிடம் ஒரு கையெழுத்துத்தான் கேட்டேன். இந்த முறை எனக்காக இல்லை.

ராஜிக்


சோஹார்
19 ஜனவரி 2025

ராஜிக்,

ஃபவாஸ் வீட்டுக்கே வந்தான். மேலே ‘பிரேக் ஷூ’ என்று எழுதிய டப்பாவைச் சிரித்துக்கொண்டே நீட்டினான். உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். “ஏதோ மெஷின் பார்ட்டுன்னு சொன்னாப்ல சார்” என்றான்.

போலீஸ் வழக்கில் இருக்கிற ஒரு துப்பாக்கியின் துண்டுகளை, விஷயம் தெரியாத ஒரு டிரைவரின் கையில் கொடுத்து எல்லை தாண்ட வைத்திருக்கிறாய். ஸ்கேனரில் யாராவது நிறுத்தியிருந்தால் உள்ளே போயிருப்பது நீ இல்லை. மூன்று குழந்தைகளின் தகப்பன். தொழிலாளிக்காகப் பேசுகிறேன் என்கிறவன் செய்கிற காரியமா இது?

இவ்வளவு கோபமாக எழுதி எனக்குப் பழக்கமில்லை. சுசீலா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “யார் லெட்டர்?” என்றாள். பழைய ஆபீஸ் பையன் என்றேன். “அந்தக் கத்தின பையனா?” என்றாள். ஆமாம், அந்தக் கத்தின பையன்தான்.

முடிவை நீயே எழுதி அனுப்பிவிட்டு அதற்கு ஏற்ற ரிப்போர்ட்டைக் கேட்கிறாய். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒன்று நான் எழுதியதில்லை. எழுத வேண்டியதை எழுதாமல் விட்டதுண்டு, அது உன்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனால் பொய் எழுதியதில்லை.

எனக்கு எஃகு தெரியும், துப்பாக்கி தெரியாது. இந்த இரண்டு துண்டும் எங்கே இருந்தவை, சுடும்போது அழுத்தம் எந்தப் பக்கம் போகும், அந்தத் துப்பாக்கியை உருவாக்கியவர்கள் அதை எதற்காக அப்படி அமைத்தார்கள் என்று எழுது. கோபத்தை விட்டுவிட்டு எழுத முடிந்தால் நல்லது.

வேறு எதற்கும் இப்போது நான் சம்மதிக்கவில்லை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. காண்ட்ராக்ட்டை வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். ஹர்ஷினி பன்னிரண்டாம் வகுப்பு. இதையும் சேர்த்துப் படித்துக்கொள்.

பத்மநாபன்


அல் ஐன்
2 பிப்ரவரி 2025

பத்மநாபன் சார்,

ஃபவாஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அவனிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, “இனிமே காயிதம் மட்டும்தான். இரும்பு மாஃபி, கெடையாது” என்றான்.

கோபத்தை விட்டால் எனக்கு எழுத வராது. நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் மருந்தையும் குண்டையும் வாய் வழியாகப் போட்டு, நின்றுகொண்டே குத்தி இறக்க வேண்டும். பீபாடி என்ற அமெரிக்கர் பின்பக்கத்தைத் திறந்தார். குழாயின் பின்வாயை அடைக்க ஓர் இரும்புக் கட்டை. அந்தக் கட்டையின் பின்முனையில் கீல். கீழே உள்ள லீவரைத் தள்ளினால் கட்டையின் முன்முனை இறங்கும், தோட்டாவைச் செருகலாம். லீவரை இழுத்தால் கட்டை ஏறி வாயை அடைத்துக்கொள்ளும். ஆனால் சுத்தியல் வெளியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதைக் கட்டைவிரலால் தனியே இழுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் மார்டினி என்பவர் அந்தச் சுத்தியலை எடுத்துவிட்டு, கட்டைக்குள்ளேயே ஊசியையும் சுருள்வில்லையும் வைத்தார். லீவரை அசைத்தாலே ஊசி தயார். ஸ்காட்லாந்தில் ஹென்றி என்பவர் குழாய்க்குள் ஏழு பள்ளங்களைச் சுருளாக வெட்டினார், குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போவதற்கு. பிரிட்டிஷ்காரர்கள் வருடக்கணக்கில் கமிட்டி போட்டுச் சுட்டுப் பார்த்து, ஒருவரின் பின்பக்கத்தையும் இன்னொருவரின் குழாயையும் ஒட்டி 1871-இல் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மார்டினி-ஹென்றி என்று பெயர் வைத்தார்கள். பீபாடியின் பெயரைக் காணோம். நம் சைட்டில் யார் செய்த வேலைக்கு யார் பெயர் போகும் என்று உங்களுக்கே தெரியும், விளக்க வேண்டாம்.

முதலில் வந்த தோட்டா மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. சூட்டில் குழாயோடு ஒட்டிக்கொண்டு, வெளியே இழுத்தால் கிழிந்துவிடும். மணலும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் மோசம். சூடானில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. அதற்குப் பிறகுதான் கெட்டியான பித்தளைத் தோட்டா கொடுத்தார்கள், லீவரை நீட்டினார்கள். நான்கு மாதிரிகள் வந்தன. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் எத்தனை பேர் செத்தார்கள் என்று என்னிடம் உள்ள புத்தகத்தில் இல்லை. அடைத்துக்கொண்ட துப்பாக்கியோடு நின்ற சிப்பாயிடம் ‘நீ சரியாகத் துடைக்கவில்லை’ என்று எவனாவது சொன்னானா என்றும் இல்லை. சொல்லியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

எட்டுத் தோட்டா அடங்கும் புதுத் துப்பாக்கி வந்ததும் இது பழையதாகிவிட்டது. மஸ்கட் வழியாக வியாபாரிகள் கொண்டுவந்து விற்றார்கள். கைபர்காரர்கள் அதைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவிச் செய்தார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

நீங்கள் கேட்ட அழுத்தம்: பெரிய துண்டு அந்தக் கட்டையின் பின்முனை. சின்ன உருளைத் துண்டு கீல் ஆணியின் பாதி. அசலில் சுடும்போது கட்டையின் உருண்ட பின்முனை, துப்பாக்கி உடம்பின் பின்சுவரில் போய்ப் பொருந்தி உட்காரும். முழு உதையையும் அந்தச் சுவர்தான் வாங்கும். ஆணி கட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அது போலி என்று எனக்கு அக்டோபரிலேயே தெரியும். டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தேன். கலீல் காக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“காக்கா, இதுல அஞ்சு பள்ளம்தான் இருக்கு. ஒரிஜினல்னா ஏழு இருக்கணும்.”

“எண்ணுறதுக்கா உன்னைக் கூட்டியாந்தேன்? தொடைக்கிறதுக்கு.”

“ஒரிஜினல்னு போர்டு எழுதச் சொல்றீங்களே.”

“அர்பாப் ஒரிஜினல்னு நினைச்சா அது ஒரிஜினல். கலாஸ். போய் வேலையப் பாரு.”

வீரபாண்டி அண்ணன் தினமும் சாயங்காலம் மனைவி ஷியாமளாவுக்கு வீடியோ கால் போடுகிறார். போனை இடது கையில் பிடித்து முகத்தை மட்டும் காட்டுகிறார். கையில் சின்ன வெட்டு என்று சொல்லி வைத்திருக்கிறார். நேற்று மகள் “கட்டப் பிரிச்சாச்சா, காட்டுப்பா” என்றதும், நெட் இல்லை என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போதுமா சார்? கோபத்தைக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ராஜிக்


சோஹார்
15 பிப்ரவரி 2025

ராஜிக்,

நேற்று விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து உன் துண்டுகளை வைத்து உட்கார்ந்தேன்.

பெரிய துண்டு. உடைந்த முகத்தில் கசடு நார் நாராக ஓடுகிறது. பழைய இரும்புகளைச் சேர்த்துக் காய்ச்சி அடித்தது. மென்மையானது. உருண்ட பின்முனையில் ஓர் ஓரத்தில் மட்டும்தான் உரசிய பளபளப்பு இருக்கிறது. மீதி முழுக்கப் பழைய துரு, யாரும் தொடாத துரு. அதாவது இந்தக் கட்டை பின்சுவரில் ஒருநாளும் முழுதாக உட்கார்ந்ததில்லை. சுவர் வாங்க வேண்டிய உதையில் பெரும்பகுதியை ஆணிதான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. போலி என்று நீ சொன்னது சரி. மருந்து அதிகமானதால் குழாய் பிளந்திருந்தால் உடைப்பு வேறு மாதிரி இருக்கும். இதுவரை எல்லாம் நீ சொன்னபடிதான்.

அடுத்தது ஆணி. ஒரு மாதமாக இந்த ஊர்க் கடற்காற்றில் திறந்தே கிடக்கிறது. ஒரு பொட்டுத் துரு இல்லை. ஃப்ரிட்ஜில் ஹர்ஷினி ஒட்டிவைத்திருக்கிற காந்தத்தை எடுத்தேன், பள்ளிச் சுற்றுலாவில் வாங்கிய நிஸ்வா கோட்டை பொம்மை. “அப்பா, வாட் ஆர் யூ டூயிங் வித் மை மேக்னெட்?” என்று பின்னாலேயே வந்தாள். கட்டைத் துண்டு டக்கென்று ஒட்டியது. ஆணி ஒட்டவில்லை. இன்று காலை வேலைக்குக் கொண்டுபோய், லேபில் யாரும் இல்லாதபோது அலாய் பார்க்கும் கருவியில் வைத்தேன். இதை நான் செய்யக் கூடாது. செய்தேன்.

304 கிரேடு ஸ்டெயின்லெஸ். கடையில் விற்கிற போல்ட். தலையை வெட்டி, மரையைத் தேய்த்திருக்கிறார்கள். மரையின் அடிக்கோடு முழுதாகப் போகவில்லை, உடைந்திருப்பதும் அந்தக் கோட்டில்தான். மார்டினி காலத்தில் இந்த எஃகே கிடையாது. கைபர் பட்டறையில் யாரும் இதைப் போடவில்லை. சமீபத்தில் யாரோ போட்டிருக்கிறார்கள்.

யார் போட்டது?

பத்மநாபன்


அல் ஐன்
22 பிப்ரவரி 2025

பத்மநாபன் சார்,

கையெழுத்துப் போடாமல் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டீர்கள். வாழ்த்துகள். சோஹாரில் கிரேன் கொக்கியில் விரிசல் இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தபோதும் இப்படித்தான். வெளிச்சம் சரியில்லை, மறுபடி பார், படம் தெளிவில்லை, மறுபடி எடு. கடைசியில் ஃபைல் உங்கள் டிராயருக்குள் போனது, என் காண்ட்ராக்ட் முடிந்துபோனது.

ஆணியை யார் போட்டால் என்ன? கட்டை போலி. பின்சுவரில் உட்காரவில்லை. நீங்களே எழுதிவிட்டீர்கள். அதை மட்டும் ரிப்போர்ட்டாகத் தாருங்கள். ஆணியை விட்டுவிடுங்கள். யாரும் ஆணியைப் பற்றிக் கேட்கவில்லை.

நேரம் இல்லை சார். நேற்று கலீல் காக்கா கேம்புக்கு வந்தார். தட்டில் பழமெல்லாம் வைத்துக்கொண்டு.

“பாண்டி, மருந்தைக் கூடப் போட்டுட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுரு. அர்பாப் மனசு எளகுனவரு. நான் பேசி மன்னிக்க வைக்கிறேன். பெருநாளுக்குப் பெறகு ஊருக்குப் போயிரலாம்.”

“போட்டா விட்டுருவாங்களாண்ணே?”

“என் பொறுப்பு.”

வீரபாண்டி அண்ணன் அந்தத் தாளை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார், பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டால் அவர் குற்றவாளி. மைத்துனருக்குக் கன்னம் கிழிந்ததற்கும் அவரே பொறுப்பு. மன்னிப்பதும் மன்னிக்காததும் அடுத்தவர் இஷ்டம். ஊருக்குப் போகலாம் என்ற ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் எதிலும் கையெழுத்துப் போடுவார்.

உங்கள் காந்தத்தை ஃப்ரிட்ஜிலேயே ஒட்டிவிட்டு எழுதுங்கள்.

ராஜிக்


சோஹார்
25 பிப்ரவரி 2025

ராஜிக்,

ஒரு கேள்விதான் கேட்டேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், பதிலைக் காணோம்.

ஆணியை விட்டுவிட்டு எழுதச் சொல்கிறாய். அந்தக் கொக்கி விஷயத்தில் நானும் ஒன்றை விட்டுவிட்டேன். அதற்காக ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி என்னைக் கோழை என்றாய். தப்பாகச் சொல்லவில்லை. இப்போது அதே வேலையை மறுபடி செய்யச் சொல்லி நீயே கேட்கிறாய்.

வீரபாண்டியை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல். தாளை வாங்கி நீ வைத்துக்கொள்.

காத்திருக்கிறேன்.

பத்மநாபன்


அல் ஐன்
14 மார்ச் 2025

பத்மநாபன் சார்,

நான்தான்.

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நோன்பு வைத்துக்கொண்டு பொய் எழுத வரவில்லை என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம்.

நவம்பரில், கல்யாணத்துக்கு எட்டுத் துப்பாக்கியும் ஓட வேண்டும் என்று கலீல் காக்கா சொல்லிவிட்டார். ஏழு ஓடின. எட்டாவதுக்கு அந்தப் போலியை எடுத்தேன். அதன் பழைய ஆணி துருவில் இறுகி, தட்டித் தட்டி எடுத்ததில் மூன்று துண்டாக வந்தது. பட்டறைகள் இருக்கிற ஸனாயியா பகுதிக்குப் போய் ஹார்டுவேர் கடையில் நின்றேன். கடைக்காரப் பட்டாணியர், “பாய், எஸ்எஸ் சாஹியே யா ஜிஐ?” என்றார், ஸ்டெயின்லெஸ் வேண்டுமா துத்தநாகம் பூசியதா என்று. யோசிக்கவே இல்லை. எஸ்எஸ் என்றேன். இந்த ஊரில் நமக்கு அது ஒரு பழக்கம் சார். கைப்பிடியா, குழாயா, கேட்டா, எதுவானாலும் எஸ்எஸ் போட்டால் நல்ல வேலை. பளபளவென்று இருக்கும், துருப் பிடிக்காது, யாரும் திட்ட மாட்டார்கள். உங்களுக்குக் கீழே இரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். கெட்டிப்படுத்திய எஃகு இருக்க வேண்டிய இடத்தில் கடை போல்ட்டைப் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததாக நினைவில்லை. தலையை வெட்டி, மரையைத் தேய்த்து, எண்ணெய் விட்டு மாட்டினேன். லீவர் வெண்ணெய் மாதிரி இறங்கியது. சந்தோஷமாக இருந்தது. அது போலி என்று தெரிந்தும் வேனில் ஏற்றினேன். “எல்லாம் ரெடி காக்கா” என்று சொன்னதும் நான்தான்.

முதல் கடிதம் எழுதும்போது இது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தடவை அந்த ஆணி ஞாபகம் வந்தது. உடனே தள்ளிவிட்டேன். மணலில் துண்டுகளைத் தேடியது சாட்சிக்காகவா மறைக்கவா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கட்டையை மட்டும் உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். ஆணியையும் சேர்த்து ஏன் அனுப்பினேன் என்று நானே தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாப்பா இல்லை, தெரியும் உங்களுக்கு. உம்மாவும் தங்கை நஜீஹாவும்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. கலீல் காக்கா தப்பித்துவிடுவார், நான் மாட்டிக்கொள்வேன். போலியை வாங்கவைத்தவன், ஓடவைக்கச் சொன்னவன், சுட்டுப் பார்க்கச் சொன்னவன் எல்லாம் அவர். ஆனால் கையில் அரம் இருந்தது என்னிடம்.

வீரபாண்டி அண்ணன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பெருநாள்வரை தவணை.

ராஜிக்


சோஹார்
22 மார்ச் 2025

ராஜிக்,

இத்துடன் ரிப்போர்ட் இருக்கிறது. இரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து, பட்டம், பாஸ்போர்ட் எண். கம்பெனித் தாள் இல்லை, அது என்னுடையது அல்ல. கையெழுத்து என்னுடையது.

கட்டையும் இருக்கிறது, ஆணியும் இருக்கிறது. கட்டை சரியாக உட்காராததால் உதை ஆணிக்குப் போனது. ஆணி அதைத் தாங்கத் தகுந்ததல்ல. இரண்டில் ஒன்று ஒழுங்காக இருந்திருந்தாலும் அந்த விரல் மிஞ்சியிருக்கக்கூடும். மருந்தின் அளவாலோ குழாயைத் துடைக்காததாலோ ஏற்பட்ட உடைப்புக்கான அடையாளம் இந்தத் துண்டுகளில் இல்லை என்று தனி வரியாக எழுதியிருக்கிறேன். வீரபாண்டிக்கு வேண்டியது அந்த வரி.

ஆணியைப் போட்டது யார் என்று ரிப்போர்ட்டில் இல்லை. இரும்பு அதைச் சொல்லாது. நீதான் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தத் தாளை மட்டும் கொடுத்தால், அடுத்த கேள்வியில் கலீலுர் ரஹ்மான் ஆணியையும் வீரபாண்டி தலையில் கட்டிவிடுவார். அதை நீயே யோசித்திருப்பாய்.

அந்தக் கொக்கியை, நீ போன மூன்றாம் மாதம் மாற்றினார்கள். நான்தான் சத்தமில்லாமல் ஏற்பாடு செய்தேன். ‘வழக்கமான பராமரிப்பு’ என்று எழுதி முடித்தோம். யார் பெயரும் வரவில்லை, யாருக்கும் சிக்கல் இல்லை, புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். நீ சொன்னது சரி என்று ஒரு வரி உனக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த வரிக்கு உன் வேலையைத் திருப்பித் தருகிற சக்தி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலுப்பு ராஜிக். தைரியம் இல்லை என்பதைவிட அலுப்பு என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

உன்னை நான் திட்டப் போவதில்லை. சரியாகச் செய்ய நேரம் தராத இடத்தில், தராதவர்களுக்காக வேகமாகச் செய்துகொடுத்தோம். நம் எல்லோருக்கும் தெரிந்த வேலை அதுதான். அதனால் உன் பங்கு குறையாது.

துண்டுகள் என்னிடமே இருக்கட்டும். ஃபவாஸின் டப்பாவில் இனி வராது.

பத்மநாபன்


அல் ஐன்
4 ஏப்ரல் 2025

பத்மநாபன் சார்,

பெருநாள் அன்று தொழுகை முடிந்ததும் கேம்புக்குப் போனேன். வீரபாண்டி அண்ணனுக்குப் பிரியாணிப் பார்சல் வாங்கிப் போயிருந்தேன். கட்டிலில் எதிர் எதிரே உட்கார்ந்தோம். அவர் இடது கையால் சாப்பிட ஆரம்பித்தார். சாப்பிட்டு முடியட்டும் என்றுதான் நினைத்தேன். அதுவரை காத்திருக்க முடியவில்லை.

“அண்ணே, அந்தத் துப்பாக்கிக்கு ஆணி போட்டது நான். கடை போல்ட்டு. அது ஒடஞ்சுதான் வெடிச்சிருக்கு.”

அவர் தலையைத் தூக்கவில்லை. கறித்துண்டை எலும்பிலிருந்து பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்ப்பா.”

“என்னது?”

“நீ தேய்க்கிறப்ப அதைக் கொறடு வச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தது யாரு? நாந்தானே. ‘கெட்டியாப் புடிண்ணே, நழுவுது’ன்ன.”

அது எனக்கு ஞாபகமே இல்லை சார். பக்கத்தில் ஒரு மனிதர் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இல்லை.

“போலீஸ்ல ஏண்ணே சொல்லல?”

“உன்னையும் பிடிச்சு உள்ள வச்சுட்டா எனக்காக எவன் எழுதுவான்? கலீலு எழுதுவானா? நீதான் காயிதம் காயிதமா எழுதிக்கிட்டுத் திரியுற. ஓடிராம இருக்கட்டும்னு விட்டேன்.”

“எம்மேல கோவம் இல்லையா?”

“ஏன் இல்ல? நெறைய இருக்கு.” எலும்பை என் பக்கம் நீட்டினார். “அத அப்பறம் பாத்துக்குவோம். மொதல்ல இதப் பிச்சுக் குடு.”

பிய்த்துக் கொடுத்தேன். முழுவதையும் சாப்பிட்டார். கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். கலீல் காக்கா கொடுத்த தாளை அவர் கிழிக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. “நீ போயிட்டு வா, பாப்போம்” என்கிறார். என்னை முழுதாக நம்பவில்லை. நம்ப வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

டைப்பிங் சென்டரில் என் வாக்குமூலத்தை அரபியில் அடித்து வாங்கிவிட்டேன். அடித்துக் கொடுத்த மலையாளி, “ஷுவர் ஆணோ மோனே?” என்று இரண்டு தடவை கேட்டார். போலி என்று அக்டோபரில் நான் சொன்னது, கலீல் காக்கா சொன்ன பதில், ஆணி, வேனில் ஏற்றியது, எல்லாம் வரிசையாக இருக்கிறது. விசாவில் கிளீனர் என்று இருப்பவன் துப்பாக்கி பழுது பார்த்தது எப்படி என்றுதான் முதலில் கேட்பார்கள். அதுவும் கலீல் காக்காவிடம் போய் முடிகிற கேள்விதான், யாராவது அதுவரை கேட்டால்.

வரும் திங்கட்கிழமை இல்லை, அதற்கு அடுத்த திங்கள், 14-ஆம் தேதி காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். அன்றைக்குத்தான் இந்த வழக்கைப் பார்க்கிற அதிகாரி இருப்பாராம். உம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லும்படி நடந்தால் நஜீஹாவின் நம்பர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், உங்கள் குரல் கத்துகிற குரல் இல்லை.

உங்கள் ரிப்போர்ட்டை நாலைந்து முறை படித்தேன். ஓர் இடத்திலும் கோபமே இல்லை. எப்படி எழுதினீர்கள் என்று தெரியவில்லை.

ராஜிக்


சோஹார்
9 ஏப்ரல் 2025

ராஜிக்,

இதை ஃபவாஸ் சனிக்கிழமைக்குள் உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். படித்ததும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு.

துண்டுகள் இல்லாமல் என் ரிப்போர்ட் வெறும் தாள். எழுதியவன் எதிரில் இல்லாவிட்டால் அது யாரோ எழுதிய தாள். இரண்டு நாள் லீவு கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். ஒரு வழக்கில் சாட்சி சொல்ல என்று உண்மையைச் சொன்னேன். மேலாளர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஜூனில் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துவிடும். சுசீலாவிடம் சொன்னேன். “போய்ட்டு வாங்கோ, என்னத்தைச் சொல்றது” என்றாள். சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

விசா வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எல்லை ஊரான புரைமி, அங்கே இரவு தங்கல். திங்கள் காலை எல்லையில் இரண்டு துண்டுகளையும் மேஜைமேல் எடுத்து வைத்து, இது இன்னது, இன்ன வழக்குக்காகக் கொண்டுபோகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்று தெரியாது. எட்டு மணி ஆகலாம், பன்னிரண்டு ஆகலாம்.

ஸ்டேஷன் வாசலில் நில். வெயிலாக இருந்தால் எதிரே எங்காவது உட்கார். நான் வரும்வரை நீ உள்ளே போகாதே.

பத்மநாபன்